குதிரை ஏறுவதற்கும் மருத்துவச் சீட்டு வேண்டுமா?

பெங்களூரு, மும்பை, புனே, டில்லி போன்ற பெருநகரங்களில் இயங்கும் குதிரையேற்றப் பள்ளிகளில் சில, அண்மை ஆண்டுகளில் ஒரு தனிச் சேவையை விளம்பரப்படுத்தி வருகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான குதிரைச் சிகிச்சை என்பது அதன் பெயர். வாரத்திற்கு ஒரு முறையோ இரு முறையோ குழந்தை குதிரையின் மீது அமர்த்தப்பட்டு, அரை மணி நேரம் அல்லது முக்கால் மணி நேரம் மெதுவாக நடத்திச் செல்லப்படுகிறது. பல இடங்களில் அந்த அரை மணி நேரத்திற்கான கட்டணமே ஒரு கட்டுமானத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். பள்ளி ஊருக்கு வெளியே இருந்தால் போக்குவரத்துச் செலவு தனி. குழந்தையை அழைத்துச் செல்லும் தாய் இழக்கும் வேலை நாள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இது மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு, உழைக்கும் மக்களின் இயக்கத்திற்கு இதில் என்ன வேலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. கல்வி, மருத்துவம், நிலம், விளையாட்டு என்று எதை எடுத்தாலும் வசதி படைத்தோர் முதலில் கைப்பற்றிக் கொள்வதும், அதைச் சுட்டிக்காட்டி அது உழைப்பாளிக்கு உரியதே அல்ல என்று சொல்லப்படுவதும் புதியதன்று. குதிரையின் முதுகு ஒரு குழந்தைக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதன் பிறகு அது யாருக்கு உரியது என்ற கேள்விக்குள் செல்வதே முறை.

பெயர்களின் குழப்பம்

தமிழில் ஆட்டிசத்திற்கு ‘மதியிறுக்கம்’ என்ற சொல் வழங்கி வருகிறது. மதி இறுகிவிட்டது என்னும் பொருள் தரும் இச்சொல், அந்தக் குழந்தையின் மனத்தைப் பூட்டிய அறையாக முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. உண்மையில் ஆட்டிசம் என்பது நரம்பு வளர்ச்சியின் வேறுபட்ட ஒரு போக்கு. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மூளை உள்வாங்கும் விதத்திலும், பிறரோடு தொடர்பு கொள்ளும் விதத்திலும் வேறுபாடு இருக்கும். ஒரு குழந்தை பேசாது. மற்றொன்று ஓயாது பேசும். ஒன்று கூட்டத்தைக் கண்டு மிரளும். மற்றொன்று தொடர்வண்டிகளின் கால அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும். இதை ‘நோய்’ என்று அழைப்பதை ஆட்டிசம் உள்ள பெரியவர்களே பலர் மறுத்து வருகிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. பொருத்தமான தமிழ்ச்சொல் நிலைபெறும் வரை ‘ஆட்டிசம்’ என்றே எழுதுவது நேர்மையானது.

‘குதிரைச் சிகிச்சை’ என்ற சொல்லிலும் இதே போன்ற குழப்பம் உண்டு. உலக அளவில் இரண்டு வேறுபட்ட நடைமுறைகள் இருக்கின்றன. இயன்முறை மருத்துவரோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ, பேச்சுப் பயிற்சியாளரோ தம் சிகிச்சையின் ஒரு கருவியாகக் குதிரையின் அசைவைப் பயன்படுத்துவது ஒன்று; இதற்கு ‘ஹிப்போதெரபி’ என்று பெயர். இங்கே குழந்தை குதிரையை ஓட்டுவதில்லை. குதிரையின் அசைவு குழந்தையின் உடலில் வேலை செய்கிறது. குதிரையேற்றப் பயிற்றுநர், மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்குக் குதிரை ஓட்டவே கற்றுக்கொடுப்பது மற்றொன்று. முதலாவது மருத்துவம், இரண்டாவது பயிற்சியும் விளையாட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடையே நடத்தப்பட்ட முக்கியமான ஆய்வுகள் சில இரண்டாவதைப் பற்றியவை. விளம்பரங்களோ இரண்டையும் ‘சிகிச்சை’ என்ற ஒரே கூடையில் போட்டு விற்கின்றன. மருத்துவப் பட்டயம் எதுவும் இல்லாதவர் கூட, குதிரை ஒன்று கைவசம் இருந்தால், சிகிச்சையாளராகிவிடும் நிலை இதனால் உருவாகிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் சிறப்பாசிரியர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவர்களை வரன்முறைப்படுத்துகிறது. குதிரை லாயத்தில் நடக்கும் ‘சிகிச்சை’ இவ்விரண்டின் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறது.

குதிரையின் முதுகில் நடப்பது

நடக்கும் குதிரையின் மீது அமர்ந்திருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சற்றே சுழன்றும் அசைகிறது. மனிதர் தம் கால்களால் நடக்கும்போது இடுப்பு அசையும் முறையும் ஏறத்தாழ இதுவே. சீரான தாளத்தில் அரை மணி நேரம் தொடரும் இந்த அசைவு, உடலின் சமநிலையையும் முதுகுத் தசைகளையும் ஓயாது வேலை வாங்குகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு ஹிப்போதெரபி பயன்படுத்தப்படுவதன் அடிப்படை இதுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் ஊஞ்சலாடுவதிலும் முன்னும் பின்னும் அசைவதிலும் அமைதி காண்பவர்கள். அத்தகைய தாளத்தைக் குதிரை தானாகவே தருகிறது.

இன்னொன்றும் உண்டு. ‘நட’ என்று சொன்னால் குதிரை நடக்கிறது. ‘நில்’ என்று சொன்னால் நிற்கிறது. வகுப்பறையில் சொல்லுக்கும் விளைவுக்கும் இடையே இருக்கும் தொலைவு இங்கே இல்லை. ஒரு சொல் ஓர் உயிரை அசைக்கிறது என்பதைக் குழந்தை தன் இடுப்பெலும்பால் உணர்கிறது. மேலும், குதிரை குழந்தையின் கண்ணுக்குள் பார்த்துப் பேசச் சொல்வதில்லை; முகக்குறிப்பைப் படிக்கச் சொல்வதில்லை; ஒரே கேள்வியைக் குரலுயர்த்தித் திரும்பக் கேட்பதும் இல்லை.

ஆனால் அந்தக் காட்சியில் குதிரையும் குழந்தையும் மட்டும் இல்லை. முறையாக நடத்தப்படும் ஒரு பயிற்சியில் குதிரையின் கயிற்றைப் பிடித்து ஒருவர் நடப்பார். குழந்தையின் இருபுறமும் இரண்டு துணையாளர்கள் கூடவே நடப்பார்கள். பயிற்றுநர் தனி. ஒரு குழந்தைக்கு நான்கு பெரியவர்கள்! குழந்தைக்குச் சமநிலை கைவந்த பிறகே துணையாளர்கள் மெல்ல விலகுவார்கள். தலைக்கவசம் அணிய மறுக்கும் குழந்தைகள் உண்டு. தலையில் ஏதேனும் அழுத்தினாலே துடித்துப்போகும் குழந்தைக்குக் கவசத்தைப் பழக்குவதற்கே சில வாரங்கள் பிடிக்கும். அத்தனை வாரங்களும் குழந்தை குதிரையைத் தொட்டுப் பார்க்கும், சீப்பால் கோதும், கேரட் ஊட்டும், ஏறாது. பொறுமையும் நேரமும் வழங்கப்படும் இடத்தில்தான் இது பயன் தரும். கட்டணத்திற்கு நேரம் பார்த்து அடுத்த குழந்தையை ஏற்றிவிடும் இடத்தில், குதிரையைச் சுற்றி வந்த பொழுதுதான் மிஞ்சும்.

குதிரையின் தேர்வும் எளிதன்று. ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும் என்பது சிலரின் எண்ணம். சிறு ஒலிக்கும் பாய்ந்து ஓடும்படி பழக்கப்பட்ட விலங்கு, திடீரென்று அலறும் குழந்தையைச் சுமக்கத் தகுதி பெற நீண்ட மறுபயிற்சி வேண்டும். எல்லாக் குதிரைகளும் தேறுவதும் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு வலிப்பும் உண்டு. அவர்களைக் குதிரையில் ஏற்றலாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உயரத்திலிருந்து விழுதல் என்பது உயிருக்கே ஆபத்து.

ஆய்வுகளும் அற்புதங்களும்

இதற்கு அறிவியல் சான்று உண்டா? உண்டு, ஓரளவுக்கு. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள 34 குழந்தைகளில் 19 பேருக்குப் பன்னிரண்டு வாரம் குதிரையேற்றப் பயிற்சி அளித்து, காத்திருப்புப் பட்டியலில் இருந்த 15 பேரோடு ஒப்பிட்டது. குதிரை ஏறியவர்களிடம் சமூகத் தொடர்புக்கான ஊக்கம் கூடியதாக அது கண்டது. எண்ணிக்கை சிறிது, காத்திருப்பவர்களோடு ஒப்பிடும்போது, பலன் குதிரையால் வந்ததா, பெரியவர்களின் கவனிப்பால் வந்ததா என்று பிரித்தறியவும் முடியாது.

கொலராடோவில் கேப்ரியல்ஸ் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கறாராக அணுகியது. 6 முதல் 16 வயது வரையிலான குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு பத்து வாரம் குதிரை ஏறியது. மற்றொரு குழு அதே போன்ற முறைகளோடு லாயம் சார்ந்த செயல்பாடுகளில் ஈடுபட்டது. ஆனால் உயிருள்ள குதிரையோடு தொடர்பு இல்லை. 116 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, குதிரை ஏறியவர்களிடம் எரிச்சலும் மிகைச் செயல்பாடும் குறைந்திருந்தன. ஐந்தாம் வாரத்திலேயே மாற்றம் தென்பட்டது. அவர்கள் பேசிய சொற்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. ஆகவே குதிரைக்கென்று ஒரு பங்கு இருக்கிறது என்று கூறலாம். ஆனால் ஆட்டிசம் நீங்கிவிட்டது என்று அந்த ஆய்வு கூறவில்லை. நீக்குவது அதன் நோக்கமும் அன்று.

சந்தை இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஓரளவு சான்று உள்ள, மகிழ்ச்சி தரக்கூடிய ஒரு செயல்பாட்டை அது அற்புதமாக மாற்றி விற்கிறது. 2009இல் வெளிவந்த ‘தி ஹார்ஸ் பாய்’ என்ற நூலும் ஆவணப்படமும் ஆட்டிசம் உள்ள தம் மகனை அழைத்துக்கொண்டு ஒரு தம்பதி மங்கோலியப் புல்வெளிகளில் குதிரை மீது பயணம் செய்த கதையைக் கூறுகின்றன. தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் அனுபவம் என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. ஆனால் இத்தகைய கதைகள் உலகெங்கும் எழுப்பிய எதிர்பார்ப்பு பெற்றோரை நெடுந்தூரம் அலைக்கழித்திருக்கிறது. மங்கோலியாவுக்குப் போக முடிந்தவர்கள் யார் என்ற கேள்வியைக் கதையின் ஈர்ப்பு மறைத்துவிடுகிறது.

நம்பிக்கையிழந்த பெற்றோரைச் சுற்றி வளைக்கும் வணிகம் குதிரையோடு நிற்பதில்லை. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகக் கூறி ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் பறிக்கும் தனியார் மருத்துவமனைகள் இந்நாட்டில் தழைத்தன. அச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறை வாரியம் 2022இல் அறிவிக்க வேண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் குதிரை சாதுவானது. குறைந்தபட்சம் குழந்தை சிரிக்கவாவது செய்கிறது. என்றாலும் இரண்டையும் இயக்குவது ஒரே விசை. அரசு கைவிட்ட இடத்தில் தவிப்பு பிறக்கிறது. தவிப்புள்ள இடத்தில் கட்டண ரசீது வந்து சேர்கிறது.

ஹெல்சிங்கியில் ஒரு பெண்

சிகிச்சைக் குதிரையேற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் ஒரு பெயர் லிஸ் ஹார்டல். டென்மார்க்கைச் சேர்ந்த குதிரையேற்ற வீராங்கனையான அவரை 1944இல் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டது. அந்த நிலையிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்கள் ஆண்களோடு போட்டியிட முதன்முறையாக அனுமதிக்கப்பட்ட டிரெஸ்ஸாஜ் பிரிவில், வெள்ளிப் பதக்கம் வென்றார். அவருடைய வெற்றிக்குப் பிறகே ஐரோப்பாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற மையங்கள் பரவின. பிரிட்டனில் 1969இல் இதற்கெனத் தேசிய அளவிலான சங்கம் ஒன்றும் உருவானது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு செய்தி இருக்கிறது. குதிரை ஹார்டலின் கால்களைக் குணப்படுத்தவில்லை. அவர் குணமடைவதற்காகக் குதிரை ஏறவும் இல்லை. குதிரையேற்றம் அவருடைய கலை, அவருடைய விளையாட்டு. அதை விட்டுக்கொடுக்க மறுத்தார், அவ்வளவுதான்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை குதிரை ஏறினால் அதற்குப் பெயர் விளையாட்டு. யாரும் அதன் பயனைக் கேட்பதில்லை. எரிச்சல் எத்தனை புள்ளி குறைந்தது என்று அளப்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை அதே குதிரையில் ஏறினால் அதற்குப் பெயர் சிகிச்சை. அதன் மகிழ்ச்சிக்குக்கூட மருத்துவக் காரணம் தேவைப்படுகிறது. நீந்தினால் நீர்ச் சிகிச்சை, பாடினால் இசைச் சிகிச்சை, வண்ணம் தீட்டினால் கலைச் சிகிச்சை. குழந்தைப் பருவம் முழுவதும் சிகிச்சை அட்டவணையாகிவிடுகிறது. காலையில் பேச்சுப் பயிற்சி, மாலையில் நடத்தைப் பயிற்சி என்று ஒரு வளர்ந்த தொழிலாளி கூடத் தாங்க மாட்டாத நேரத்திற்கு வேலை வாங்கப்படும் குழந்தைகள் நகர்ப்புற நடுத்தர வர்க்க வீடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சிகிச்சை என்று பெயர் வைத்த மறுகணமே அதன் விலை ஏறிவிடுகிறது என்பதும் தற்செயலானதன்று.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் 30ஆவது பிரிவு, மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் பிற குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்பதை அரசுகள் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அதன் வழியில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29ஆவது பிரிவு பண்பாட்டையும் பொழுதுபோக்கையும், 30ஆவது பிரிவு விளையாட்டையும் பேசுகின்றன. குதிரையேற்றத்திற்கான கோரிக்கை இந்தப் பிரிவுகளின் மீது நிற்க வேண்டும். சிகிச்சை என்ற பெயரில் கேட்டால் மருத்துவப் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி அரசு கைகழுவிவிடலாம். விளையாட்டு என்று கேட்டால், பிற குழந்தைகளுக்குத் திடல் எதற்கோ அதற்கே இக்குழந்தைகளுக்கும் என்று பதில் சொல்ல முடியும்.

தெய்வீக உடலும் முந்நூறு ரூபாயும்

சட்டத்தின் கண்ணுக்கு ஆட்டிசம் தெரியவே நெடுங்காலம் பிடித்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. டில்லியில் மெர்ரி பரூவா 1991இல் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ போன்ற பெற்றோர் அமைப்புகளின் விடாமுயற்சிக்குப் பின்னரே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016 சட்டத்தில்தான் அது முழுமையாக இடம்பெற்றது. பல்வால், காங்க்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் இருப்பதைக் காட்டியது. இமயமலை அடிவாரத்துக் காங்க்ராவும் ஒடிசாவின் தேன்கனாலும் அந்தப் பட்டியலில் உள்ளன. இது நகரத்துப் பணக்காரக் குடும்பங்களின் பிரச்சனை என்ற எண்ணத்திற்கு அங்கேயே விடை இருக்கிறது.

2015 டிசம்பரில் பிரதமர் வானொலி உரையில் ‘திவ்யாங்’ என்ற சொல்லை முன்வைத்தார். தெய்வீக உடல் உறுப்பு உடையவர் என்பது அதன் பொருள். உரிமைகளைக் கேட்டு நிற்பவர்களுக்குத் தெய்வீகத்தை வழங்குவது அவமதிப்பு என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஒன்றிய அரசின் துறையோ இந்தியில் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. தெய்வீக உடலுக்கு அதே அரசு தன் பங்காகத் தரும் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டிற்குக் கீழே இருந்து, 80 விழுக்காடு குறைபாடு இருந்து, 18 வயது நிரம்பியவருக்கு மட்டும். அதாவது, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்த 300 ரூபாயும் கிடையாது. இத்தொகையை உயர்த்த வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான தேசிய மேடை பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது.

ஆட்டிசத்தைப் பொறுத்தவரை இளம் வயதிலேயே கண்டறிவதுதான் எல்லாவற்றிற்கும் முதற்படி. குதிரை அதற்கெல்லாம் பிறகுதான். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஆரம்பநிலைக் கண்டறிதல் மையங்களைப் பற்றிப் பேசுகிறது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. குழந்தைகளின் வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டை முதலில் கண்டறிய வேண்டியவர் அங்கன்வாடி ஊழியர். நோக்கம் சரியானதே. அந்த ஊழியரைத் தொழிலாளி என்று ஏற்காமல், 2018இல் நிர்ணயித்த 4,500 ரூபாய் மதிப்பூதியத்திலேயே தன் பங்கை நிறுத்தி வைத்திருக்கும் அரசு, அவர் தோளில் குழந்தை நரம்பியலையும் ஏற்றுகிறது. அவர் கண்டறிந்து அனுப்பினாலும் அந்தக் குழந்தை போய்ச் சேரும் மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பாரா? பள்ளியில் சிறப்பாசிரியர் இருப்பாரா? தொடக்கப் பள்ளியில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை உச்சநீதிமன்றம் 2021இல் ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில், மாநிலங்கள் அப்பணியிடங்களை அறிவிக்கவே இல்லை என்பதால், மூன்று வாரக் கெடு விதித்து மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது.

இந்த நிலையில் குதிரையைப் பற்றிப் பேசுவது பசித்தவனிடம் பாயசத்தைப் பற்றிப் பேசுவது போல் ஆகாதா? ஆகும், பேச்சு அங்கேயே நின்றுவிட்டால். ஆனால் ஏழைக் குழந்தைக்கு மருந்து போதும், விளையாட்டு வேண்டாம் என்று வரிசை போடும் உரிமையும் யாருக்கும் இல்லை.

குதிரைகள் யாரிடம் இருக்கின்றன?

பொதுப் பணத்தில் வளரும் குதிரைகள் இந்நாட்டில் குறைவாக இல்லை. 1779இல் தொடங்கிய ராணுவக் கால்நடைப் பிரிவின் கீழ் குதிரை வளர்ப்புப் பண்ணைகள் இயங்குகின்றன. கொல்கத்தாவிலும் மைசூரிலும் குதிரைப்படைக் காவல் பிரிவுகள் உள்ளன. (அந்தக் குதிரைகள் காலனியக் காலம் தொட்டு எந்த ஊர்வலங்களின் மீது ஏவப்பட்டன என்பதை உழைக்கும் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள், அவை சில குழந்தைகளைச் சுமந்து பரிகாரம் தேடிக்கொள்ளட்டும்.) ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பல கால்நடைப் பல்கலைக்கழகங்களில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவுகள் லாயமும் பயிற்சித் திடலும் கால்நடை மருத்துவரும் கொண்டு இயங்குகின்றன. அங்கே வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை அருகிலுள்ள அரசுப் பள்ளியின் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒதுக்குவதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பயிற்சி பெற்ற துணையாளர்களும், மருத்துவரின் மேற்பார்வையும், பேருந்து வசதியும், ஒரு அரசாணையும் தேவை.

நிலமும் இருக்கிறது. மும்பையின் நடுவே மகாலட்சுமி பந்தயத் திடல் 200 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அது மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சொந்தமான நிலம். குத்தகைக் காலம் 2013இல் முடிந்த பிறகும் பந்தயக் கிளப்பின் கையிலேயே இருந்தது. 2024இல் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு என்று எடுக்கப்பட்டு, 91 ஏக்கர் மீண்டும் கிளப்பிற்கே குத்தகைக்கு விடப்பட்டது. சூதாட்டத்திற்குத் தொண்ணூறு ஏக்கர் ஒதுக்க முடிந்த ஒப்பந்தத்தில், குத்தகை நிபந்தனையாக இக்குழந்தைகளுக்கு இரண்டு ஏக்கரும் பத்துக் குதிரைகளும் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவது எந்த வகையிலும் கடினமன்று.

குதிரையை அறிந்த உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். வடமாநிலங்களில் ‘சயீஸ்’ என்று அழைக்கப்படும் குதிரைப் பராமரிப்பாளர்களும், லாடம் அடிப்போரும், குதிரை வண்டி ஓட்டுவோரும் தலைமுறைகளாக இவ்விலங்கோடு வாழ்ந்தவர்கள். 2012இல் 6 லட்சத்திற்கு மேல் இருந்த நாட்டின் குதிரைகள், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஏழே ஆண்டில் ஏறத்தாழப் பாதி! அவற்றோடு பிழைத்தவர்களின் எண்ணிக்கையை யாரும் எண்ணவில்லை. மும்பையின் விக்டோரியா வண்டிகளை 2015இல் உயர்நீதிமன்றம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. விலங்குகள் பட்ட துன்பம் உண்மையே. தார்ச்சாலையில் நாள் முழுதும் இழுத்த குதிரைகளுக்கு விடுதலை தேவையாகவே இருந்தது. ஆனால் வண்டிக்காரர் கைவசம் இருந்த அறிவு அத்தோடு வீதிக்கு வந்துவிட்டது. குதிரையின் காது எந்தப் பக்கம் திரும்பினால் அது மிரளப் போகிறது என்பதை, எந்த வெளிநாட்டுச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநரை விடவும் முன்னதாக அறிபவர் அவர்.

தனியார் மையங்களிலும் குதிரையின் கயிற்றைப் பிடித்து நடப்பவர் பெரும்பாலும் இத்தகைய ஒரு தொழிலாளியே. குழந்தையின் உயிர் அவருடைய கையில் இருக்கிறது. விளம்பரப் படத்தில் குழந்தையும் குதிரையும் பயிற்றுநரும் தெரிவார்கள். கயிற்றைப் பிடித்த கை சட்டத்திற்கு வெளியே வெட்டப்பட்டிருக்கும். பல இடங்களில் அவருக்குப் பணி ஆணை கிடையாது, வருங்கால வைப்புநிதி கிடையாது, குதிரை உதைத்தால் மருத்துவச் செலவும் அவருடையதே. அரசு இப்பணியை ஏற்கும்போது இவர்களை ஒப்பந்த முறைக்குள் தள்ளாமல், முறையான பயிற்சியும் சான்றிதழும் ஊதிய விகிதமும் கொண்ட நிரந்தரப் பணியாளர்களாக ஏற்க வேண்டும்.

மாநிலந்தோறும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆலோசனை வாரியம் இருக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் விதி; மாவட்ட அளவில் குழுக்களும் உண்டு. சிறப்பாசிரியர் காலியிடங்களின் பட்டியலோடு, அந்த மாவட்டத்தில் அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் குதிரைகள் எத்தனை, அவை வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலையின்றி லாயத்தில் நிற்கின்றன என்ற கணக்கையும் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.